ஒரே விற்பனையாளர், பல விலைகள்: மன்னார் வீடுகளின் மின்கட்டணம்

வீட்டுக்கு மின்சாரம் யாரிடம் வாங்குவது என்று தெரிவு செய்யும் வசதி இலங்கையில் எந்த வீட்டுக்கும் இருந்ததில்லை. 1969 நவம்பரில் தொடங்கப்பட்ட இலங்கை மின்சார சபைதான் மன்னார் தீவிலும், வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை எனத் தெற்கே நீளும் கரையிலும் மின்சாரத்தை விற்று வந்திருக்கிறது. 1983இல் உருவான லங்கா மின்சாரக் கம்பெனி என்ற இரண்டாவது விநியோகத்தர் ஒன்று உண்டு. ஆனால் நீர்கொழும்பு, நுகேகொடை, மொறட்டுவை, காலி போன்ற தென்மேற்குக் கரை நகரங்களோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. அங்கும் யாருடைய கம்பி வாசலுக்கு வருகிறதோ அவரிடம்தான் வாங்கவேண்டும். விலையும் நாடு முழுவதும் ஒன்றே. பேசாலையில் 60 அலகுக்கு என்ன கட்டணமோ அதுவேதான் மாத்தறையிலும்.

வேறு நாடுகளில் நிலைமை வேறு. பிரித்தானியாவில் 1999இலிருந்து எல்லா வீடுகளும் மின் விற்பனையாளரை மாற்றிக்கொள்ளலாம். லண்டனிலும் மெல்பேணிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒப்பந்தம் முடியும் மாதத்தில் வேறு கம்பெனியின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுவது பழகிப்போன வேலை. அந்தச் சந்தையும் சொர்க்கமல்ல. 2021, 2022ஆம் ஆண்டுகளில் எரிவாயு விலை ஏறியபோது பிரித்தானியாவில் முப்பதுக்குக் கிட்டிய விற்பனைக் கம்பெனிகள் மூடப்பட்டன. மலிவு விலைக்கு ஆசைப்பட்டு மாறியவர்களில் பலர் சேர்ந்திருந்தவை அவைதான். தெற்காசியாவில் மும்பையே இதற்கு அரிய உதாரணம். 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, ரிலையன்ஸ் கம்பியில் இணைந்திருந்த வீடுகள் அதே கம்பி வழியாகவே டாடா பவரின் மின்சாரத்தை வாங்கலாம் என்றானது. மலிவாக இருந்ததால் இலட்சக்கணக்கானோர் மாறினார்கள்.

இலங்கையில் இந்தப் பேரம் வீட்டு வாசலில் நடப்பதில்லை. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவில் நடக்கிறது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்த ஆணைக்குழுவை உருவாக்கியது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் விலைக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைத்தது. மின்சார சபை ஒரு விலையைக் கேட்கும். ஆணைக்குழு கணக்கைச் சரிபார்த்து, பொதுமக்களின் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்டு முடிவு சொல்லும்.

இந்த மேசையில் என்ன நடந்தது என்பதை 30 அலகு மட்டும் பாவிக்கும் ஒரு வீட்டின் பட்டியலை வைத்துப் பார்த்தாலே விளங்கும். 2022 ஓகஸ்ட் வரை அந்த வீட்டின் மாதக் கட்டணம் 105 ரூபா. அந்த மாதம் சராசரியாக 75 வீத உயர்வு வந்ததும் அது 360 ரூபாவானது. 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீத உயர்வு வந்தது. அதே 30 அலகுக்கு 1,300 ரூபா. சராசரி வீதம் என்பது எவ்வளவு பொல்லாத கணக்கு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை: ஏழை வீட்டின் பட்டியல் ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த உயர்வை எதிர்த்த ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்க 2023 மே மாதம் நாடாளுமன்ற வாக்கெடுப்பின் மூலம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். செலவுக்கு ஏற்ற விலை வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கடனோடு வந்த நிபந்தனை.

பின்னர் விலை இறங்கியது. அதில் கவனிக்கவேண்டியது 2025 ஜனவரி 17ஆம் திகதி முடிவு. விலையை மாற்றாமல் வைத்திருக்கவே மின்சார சபை விரும்பியது. ஆணைக்குழு மாகாணந்தோறும் கருத்துக் கேட்டபின் சராசரியாக 20 வீதம் குறைத்தது. அந்த 30 அலகு வீட்டின் கட்டணம் 195 ரூபாவுக்கு வந்தது. 2025 ஜூனில் 15 வீதம் மறுபடி ஏறியது. அதே ஆண்டு ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 வீத உயர்வை ஆணைக்குழு மறுத்துவிட்டது. ஒரு தனி வீடு மின்சார சபையோடு பேரம் பேச முடியாது. ஆனால் இந்தக் கருத்துக் கேட்பில் ஒரு மீனவர் சங்கமோ மாதர் சங்கமோ கொடுக்கும் எழுத்து மனு பதிவில் ஏறும். பேரத்துக்கு நாட்டில் திறந்திருக்கும் வாசல் இதுதான், இதைப் பயன்படுத்துவோர் குறைவு.

மன்னாரில் மட்டும் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. நாட்டின் மலிவான மின்சாரத்தில் ஒரு பகுதி இந்தத் தீவின் காற்றிலிருந்தே கிடைக்கிறது. தீவின் தென்கரையில் 30 காற்றாடிகளோடு நிற்கும் தம்பபவனி காற்றாலை, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் கட்டப்பட்டு 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 103.5 மெகாவாட். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசும் மாதங்கள்தான் அதற்கு அறுவடைக் காலம். நடுக்குடா உபமின்நிலையத்திலிருந்து உயர் அழுத்தக் கம்பியில் ஏறும் அந்த மின்சாரம் தேசிய வலையமைப்பில் கலந்துவிடுகிறது. விலை நாடு முழுவதும் ஒன்றாக இருப்பதால், காற்றாடியின் நிழல் விழும் வீட்டுக்கும் ஒரு சதம்கூடக் குறைவதில்லை. வெள்ளம் வடிவது தடைப்படுகிறது, வலசை வரும் பறவைகள் பாதிக்கப்படுகின்றன என்று புதிய காற்றாலைகளுக்கு எதிராக 2025 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் மன்னாரில் மக்கள் திரண்டபோது இந்த மனக்குறையும் சேர்ந்தே ஒலித்தது. ஆதங்கம் நியாயமானது. ஆனாலும் ஒரே விலை என்ற ஏற்பாடு கைவிடப்பட்டால், சோளகம் ஓய்ந்த மாதங்களில் தூர இடத்து மின்சாரத்தைக் கம்பிச் செலவோடு வாங்கவேண்டிய மாவட்டமும் மன்னார்தான்.

விற்பனையாளரை மாற்றினால் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்கு இலங்கையின் மிகப் பெரிய பாடமும் மன்னார்க் காற்றிலிருந்தே வந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் 480 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகளை அமைக்க இந்தியாவின் அதானி குழுமத்தோடு அலகு 8.26 அமெரிக்க சதம் என்ற விலைக்கு 2024 மே மாதம் அமைச்சரவை ஒப்புக்கொண்டது. போட்டி ஏலம் இல்லாமல் பேசித் தீர்க்கப்பட்ட விலை அது. ஆட்சி மாறியதும் விலையைக் குறைக்கப் பேச்சு தொடங்கியது. 2025 பெப்ரவரியில் அதானி குழுமம் விலகிக்கொண்டது. அதே காலத்தில் மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலைக்குப் போட்டி ஏலம் நடத்தியபோது உள்நாட்டுக் கம்பெனி கேட்ட விலை 4.65 சதம். திட்டங்களின் அளவு வேறு, கம்பிச் செலவு வேறு. அப்படியே ஒப்பிட முடியாது என்பது உண்மை. இருந்தாலும் பலரிடம் விலை கேட்பதற்கும் ஒருவரோடு மட்டும் உட்கார்ந்து பேசுவதற்கும் உள்ள இடைவெளியை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

வீட்டின் கையில் இருப்பது அலகு எண்ணிக்கை. வீட்டுக் கட்டணம் படிக்கட்டுப்போல அமைந்தது. 30, 60, 90, 120, 180 அலகுகளில் படி மாறுகிறது; படி ஏறும்போது அலகு விலையோடு நிலையான மாதக் கட்டணமும் சேர்ந்து ஏறும். 2025 ஜனவரி விலைப்படி, வரி சேர்க்காமல், 60 அலகுக்கு 500 ரூபா. 61 அலகுக்கு 1,074 ரூபா. அறுபதைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே வேறு விலை தொடங்கிவிடுவதால் அந்த ஒற்றை அலகின் விலை 574 ரூபா. 90 அலகுக்கு 1,480 ரூபா, 91க்கு 2,100. 120 அலகுக்கு 2,680 ரூபா, 121க்கு 3,213. பிறகு எண்கள் மாறினாலும் படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது. பிரித்தானியாவில் கம்பெனி மாறி மிச்சம் பிடிப்பதைவிட, மன்னாரில் ஒரு படி கீழே நின்று மிச்சம் பிடிப்பது விகிதத்தில் பெரிது.

இதற்கு முதலில் பார்க்கவேண்டியது பட்டியலில் உள்ள இரண்டு வாசிப்புத் திகதிகள். கட்டணம் நாட்கணக்கில் கணக்கிடப்படுவதால் 60 அலகு என்பது நாளுக்கு 2 அலகு என்று பொருள்படும். மீற்றர் வாசிப்பவர் 33ஆம் நாள் வந்தால் எல்லை 66 அலகு. வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை மீற்றரைப் பார்த்து எழுதிவைத்தால், வீடு எந்தப் படியில் நிற்கிறது என்பது பட்டியல் வருமுன்பே தெரிந்துவிடும். கேற் பூட்டியிருந்ததால் மதிப்பீட்டில் போட்ட பட்டியலையும் அப்போதே பிடித்துவிடலாம். பிழை இருந்தால் முதலில் மின்சார சபையின் பிரதேச அலுவலகம் அல்லது 1987 என்ற தொலைபேசி இலக்கம். அங்கே தீராவிட்டால் ஆணைக்குழு.

அடுத்தது அலகு எங்கே போகிறது என்பது. மன்னாரின் வெக்கையில் இரவு முழுவதும் மின்விசிறி ஓடும். 70 வாட் மின்விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் மாதம் 25 அலகு. 30 வாட்டில் ஓடும் புதிய வகை மின்விசிறிக்கு 11 அலகுக்குள் முடியும். இரண்டு மின்விசிறி உள்ள வீட்டுக்கு இந்த மாற்றம் ஒன்றே ஒரு படியை இறக்கிவிடும். இறப்பர் விளிம்பு தளர்ந்த பழைய குளிர்சாதனப் பெட்டி இதைவிட மோசம்; மீன் வைக்கும் வீடுகளில் அது ஓய்வதே இல்லை. மின்குமிழை மாற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், பெரும்பாலும் மாற்றியும் விட்டார்கள்.

ஒரே வளவுக்குள் பெற்றோரும் மணமுடித்த பிள்ளைகளும் தனித்தனி வீடுகளில் இருந்துகொண்டு ஒரே மீற்றரில் ஓடுவது தீவில் வழக்கம். 2025 ஜனவரி விலைப்படி 120 அலகுக்கு அந்த மீற்றருக்கு 2,680 ரூபா கட்டவேண்டியிருந்தது. 60, 60ஆக இரண்டு மீற்றரில் ஓடியிருந்தால் மொத்தம் 1,000 ரூபா. தனி வாசலும் தனிச் சமையலும் உள்ள வீட்டுக்குத் தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். சபை வந்து பார்த்து முடிவு செய்யும். இணைப்புச் செலவைப் பட்டியல் மிச்சத்தோடு வைத்துப் பார்த்தபின் விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே கிடக்கும் கணக்கை மாற்றிக்கொள்வதும் இந்த வேளையில் செய்யவேண்டிய காரியம். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களில் இது அதிகம். பெயர் பொருந்தாவிட்டால் பின்னர் சோலர் ஒப்பந்தம் போடும்போது சிக்கும்.

மூன்று கட்ட இணைப்பு உள்ள பெரிய வீடுகளுக்கு நேரப்படி விலை என்ற இன்னொரு வகையும் உண்டு. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிக விலை. இரவில் வாகனம் மின்னேற்றுகிறவருக்கு இலாபம். மாலையில் சமைத்து, தொலைக்காட்சி பார்த்துத் தூங்கும் சாதாரண வீட்டுக்கு நட்டம்தான்.

கூரைச் சோலர் வீட்டையே ஒரு சிறு விற்பனையாளராக்குகிறது. 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தில், மிகுந்த அலகுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, பிறகு 13 வருடம் 15.50 ரூபா என்று ஒப்பந்தம். 2022இல் 37 ரூபா வரை போன விலை, 2025 நடுப்பகுதியில் 5 கிலோவாட்டுக்குட்பட்ட புதிய வீடுகளுக்கு 20.90 ரூபாவாக இறங்கியது. பகலில் சோலர் மின்சாரம் தேவைக்கு மேல் வந்துவிடுவதே காரணம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலர்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஒரு கிலோவாட் பலகை மன்னார் வெயிலில் மாதம் நூறு அலகுக்குச் சற்று மேல் தரும். 2025 ஜனவரி விலைப்படி 60 அலகுக்குள் வாழும் வீட்டுக்கு அலகு 8 ரூபாவும் சில சதமும்தான் விழுந்தது. அதற்குச் சோலர் போடுவது வீண் கடன். 180ஐத் தாண்டும் வீட்டுக்கு அதே விலைப்படி கடைசி அலகுகள் 52 ரூபா என்பதால் கணக்கு தலைகீழாகும். கடற்காற்றின் உப்பு, சட்டத்தையும் ஆணியையும் இன்வேட்டரையும் அரிக்கும். மலிவான இரும்புச் சட்டத்தை இந்தக் கரையில் யாரும் ஏற்கக் கூடாது.

வீட்டு எரிபொருள்களில் விற்பனையாளரை உண்மையாகவே மாற்றக்கூடியது சமையல் காஸ். 1995இல் தனியார்மயமானபோது ஷெல் நிறுவனத்துக்கு ஐந்து வருட ஏகபோகம் கொடுக்கப்பட்டது. அது முடிந்தபின் 2001இல் லாஃப்ஸ் வந்தது. 2010இல் அரசு திரும்ப வாங்கிய ஷெல் காஸ் லிட்ரோவானது. 2021 ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்குமுன் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்த வருடம் மன்னாரில் பனை மட்டையும் தென்னம் பாளையும் அடுப்புக்குத் திரும்பின. 2025 ஏப்ரலில் லிட்ரோ 3,690 ரூபாவில் நிற்க, லாஃப்ஸ் 4,100க்கு ஏறியது. ஒரு சிலிண்டருக்கு 410 ரூபா வித்தியாசம். இவை கொழும்பு விலைகள். லொறிச் செலவு சேர்வதால் மன்னாரில் கூடும், மாவட்டத்துக்கு மாவட்டம் உச்ச விலை வேறு. மாறுவதற்கு ஒருமுறை புதுச் சிலிண்டர் வாங்கவேண்டும்; லிட்ரோவின் நீலச் சிலிண்டரைக் கொடுத்து லாஃப்ஸின் மஞ்சளை வாங்கும் பழக்கம் கடைகளில் பொதுவாக இல்லை. பழைய ரெகுலேட்டர் பொருந்துகிறதா என்றும் பார்க்கவேண்டும். இரண்டின் விலையும் மாதத்துக்கு மாதம் முன்பின் மாறுவதால், சிறு வித்தியாசத்துக்காக மாறுவது மிச்சத்தைச் சிலிண்டர் விலையிலேயே கரைத்துவிடும். எந்த நிறமானாலும் வெறுஞ் சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பட்டியில் பொறிக்கப்பட்டிருக்கும். கடையில் தராசில் வைத்து, அந்த எடையைக் கழித்து, 12.5 கிலோ இருக்கிறதா என்று பார்த்தபின் காசு கொடுக்கலாம்.