ஏணிப்படியும் குழந்தையும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெற்றோர் ஏலமலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் நாட்களில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிவிடும் சிறுமியரைக் கண்டிருக்கிறேன். மாணவ நண்பர்களே, அவர்கள் வகுப்புக்குத் திரும்பும்போது பாடம் நெடுந்தொலைவு போயிருக்கும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பாடத்தைச் சிறுசிறு அட்டைகளாகப் பிரித்து ஏணிப்படிகளைப் போல் வரிசைப்படுத்தியது. பள்ளிக்கு வராதிருந்த குழந்தை தான் விட்ட படியிலேயே தொடங்கலாம். விரைந்து கற்பவன் பிறருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என நிலைகளை வகுத்தது. அழகிய பெயர்கள்தாம்! எனினும் அரும்பு என்பது அன்றைய பாடத்தின் நிலையேயன்றிக் குழந்தையின் பெயரன்று. திராட்சைக் கடையில் மனக்கணக்காகவே மீதிச் சில்லறை தரும் சிறுமி, வாசிப்பில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கக்கூடும்.