பொறிக்கையும் பூட்டும்

உதயணன் கதையை அறிந்தோர் பொறியானையை மறந்திருக்கமாட்டார். கானத்தில் நின்ற அதனை உயிருள்ள களிறெனக் கருதி, யாழைத் துணையாகக் கொண்டு அணுகிய வேந்தன், அதனுள் மறைந்திருந்த வீரரிடம் சிறைப்பட்டான். பொறியை உயிரென மயங்கியது அவன் பிழை. இன்றைய தொழிலாளியைக் கொல்வதோ வேறொரு மயக்கம். அசையாது நிற்கும் பொறியை அவன் ஓய்ந்த பொறியென எண்ணிவிடுகிறான்.

2023 நவம்பரில், தென்கொரியாவின் தென் கியோங்சாங் மாகாணத்தில், குடைமிளகாய்ப் பெட்டிகளை எடுத்து அடுக்கும் பொறியொன்றை ஒருவர் சோதித்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பற்ற வேண்டிய பொறிக்கை அவரைப் பற்றி, நகரும் பட்டையின்மீது அழுத்தியது. அவர் பிழைக்கவில்லை. களுதாவளையில் மிளகாய்ப் பாத்திக்கு நீர் இறைத்து வளர்ந்த நமக்கு இச்செய்தி அயலதன்று. நம் நாட்டு இளைஞர் கொரிய மொழித் தேர்வெழுதிச் செல்லும் தொழிற்சாலைகள் அங்கேயே உள்ளன. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் 10,000 ஊழியருக்கு 1,012 பொறிக்கைகள் இருந்தன. உலகில் வேறெங்கும் அத்துணை இல்லை.

பொறிக்கை நின்றால் ஓய்ந்தது என்று பொருளன்று. அடுத்த பெட்டி வராதிருக்கலாம். உணர்கருவி சைகை தராதிருக்கலாம். சைகை கிடைத்த கணமே அது எழும். ஆதலாலேயே அதனைச் சுற்றி வேலியிடுகின்றனர். வாயிலைத் திறந்தால் மின்விசை அறும். 1981இல் யப்பானின் ஆகாசி நகரத்தில், பழுது பார்க்கச் சென்ற தொழிலாளி ஒருவர் வாயிலைத் திறவாது வேலியைத் தாண்டிக் குதித்து உயிரிழந்தார். அசட்டை என்று பழிப்பது எளிது. ஆனால், வாயிலைத் திறந்தால் வேலை நிற்கும். நின்றால் ஏன் என்று கேட்பார் உண்டு. வேலி தாண்டும் கால்களை உந்துவது பெரும்பாலும் பிறர் தந்த அவசரமே.

பொறிக்கைக்கு வேலை பழக்குபவர் வேலிக்குள் புகுந்தே ஆகவேண்டும். அவ்வேளை அதன் வேகம் செக்கனுக்கு 250 மில்லிமீற்றரைக் கடக்கலாகாது என்பது சர்வதேச நியமம். அவர் கையிலுள்ள கருவியில் மூன்று நிலை கொண்ட விசையொன்று உண்டு. அளவாக அழுத்தினால் பொறி இயங்கும், விட்டால் நிற்கும், இறுக நெரித்தாலும் நிற்கும். அஞ்சியவன் கையைத் திறந்துவிடுவான் என்று மட்டும் எண்ணியிருந்தால் மூன்றாம் நிலை தோன்றியிராது. அஞ்சியவன் கைப்பொருளை இறுகப் பற்றவும் கூடும் என்பதைக் கண்டவர் அமைத்த விசை அது. மெய்ப்பாட்டியல் கற்பிப்போர் வியந்து பார்க்கத் தக்க கருவி!

வேலியின்றி மனிதனருகே நின்று, தொட்டவுடன் அடங்கும் பொறிக்கைகளும் இன்று வந்துள்ளன. எனினும், மெல்லத் தீண்டும் கை கத்தியை ஏந்தியிருந்தால் அந்த மென்மையால் என்ன பயன்?

1942இல் ஐசாக் அசிமோவ், மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது என்று பொறிமனிதனுக்கு விதி வகுத்துக் கதை எழுதினார். அதே ஆண்டில் இலங்கையின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. அது பொறியிடம் அறம் எதிர்பார்க்கவில்லை. அபாயமான பொறிக்கு வேலியிடும் கடனை மனிதர்மேல் சுமத்தியது. உயிர் காத்துவருவது இந்த இரண்டாவது வழியே.

பழுது பார்க்கப் புகுவோர் மின்விசையை நிறுத்தி, அவ்விசையில் தத்தம் பூட்டை மாட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வது நல்ல தொழிற்சாலைகளின் வழக்கம். ஐவர் புகுந்தால் ஐந்து பூட்டு. ஐந்தாமவர் வெளிவந்து தம் பூட்டைக் கழற்றும்வரை பொறி எழாது.

கொரியாவுக்குப் புறப்படுமுன் விடைபெற வந்த பழைய மாணவன் ஒருவனிடம், “தம்பி, பூட்டுக்கு அந்தப் பாஷையில் என்ன சொல்?” என்று கேட்டேன். “சேர், படிச்ச ஞாபகம்...” என்றவன், பையிலிருந்த கொப்பியை எடுத்துப் புரட்டத் தொடங்கினான்.