வாலையிலிட்ட மண்

தண்ணீர் கிடைக்காதபோது உளூவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்கிறோம். அதற்குத் தூய மண் வேண்டும் என்பது சின்ன வயதிலேயே மத்ரஸாவில் படித்த பாடம். எது தூய மண் என்ற மசாயிலுக்குள் நான் போகவில்லை, அது உலமாக்களின் துறை. ஆனால் பார்வைக்குச் சுத்தமாகத் தெரிகிற மண்ணுக்குள் நஞ்சு ஊறிக் கிடந்தால் அதை எப்படி வெளியே எடுப்பது? மண்ணைச் சூடாக்கி எடுக்கலாம் என்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது, "மண்ணைச் சுட்டா செங்கல்தானே சேர் வரும்?" என்று ஒரு பிள்ளை கேட்டான். பாதி சரி. மீதிப் பாதி விளங்க வேண்டுமானால் கொடைக்கானலுக்குப் போக வேண்டும்.

கொடைக்கானல் நம்ம மஸ்கெலியா மாதிரி மலையும் பனிமூட்டமும் உள்ள ஊர். உயரம் மட்டும் இன்னும் அதிகம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலிருந்த ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இயந்திரங்களோடு அங்கே வந்து இறங்கியது. முதலில் பொன்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் அதை நடத்தியது. வெப்பமானி என்றால் கண்ணாடிக்குள் இரசம். உடைந்த கண்ணாடி இரசத்தோடு மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை 2001 மார்ச்சில் ஊராரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினார்கள். அத்தோடு ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 தொன் கழிவு அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. கழிவைக் கப்பலில் ஏற்றலாம், ஆலை நின்ற நிலத்தை ஏற்ற முடியுமா? அதன் கீழே பாம்பாறு சோலை, சரிந்து இறங்கும் காடு.

இரசத்துக்கு ஒரு குணம். உலோகமாக இருந்தும் அது அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். 357 பாகை செல்சியசில் கொதிக்கும். அந்த ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பும் சிறுநீரகமும் கெடும். தண்ணீரில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை இன்னும் கொடிய மெதைல் இரசமாக்கும், பிறகு அது மீன் வழியாக மனிதனுக்குள் வரும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் தெரிய வந்தது இதுதான்.

தானாக ஆவியாகி ஆளைக் கெடுக்கும் அதே குணத்தை வைத்துத்தான் அதை மண்ணிலிருந்து பிரிக்கிறார்கள். கொடைக்கானலுக்கு வகுத்த முறையில் முதலில் மண்ணைத் தோண்டிச் சலித்துக் கழுவுகிறார்கள். இரசம் பெரும்பாலும் நுண்துகள்களையே பற்றிக்கொள்ளும். அதனால் பரும்படியான மணலும் கல்லும் கழுவியதோடு தேறிவிடும். மிஞ்சும் நுண்சேறுதான் சூளைக்குப் போகும். காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய கலத்தில் அதைச் சூடாக்கினால், அழுத்தம் குறைவாக இருப்பதால் இரசம் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் திரும்ப இரசத் துளி. காற்று வெளியேறுமுன் வடிகட்டியில் போக வேண்டும், இல்லாவிட்டால் மண்ணின் நஞ்சை ஊருக்குள் ஊதிவிட்டதாகிவிடும்.

இது நமக்கு அந்நியமான வேலை அல்ல. இலிங்கத்தைச் சூடாக்கி வடித்த இரசத்தைச் சித்த மருத்துவர்கள் வாலை ரசம் என்பார்கள். வாலை என்றால் வடிகலம். அரபியில் அல் அன்பீக். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அர்ராஸி தமது 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் வடிகலங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் அலம்பிக் என்று சொல்வதும் அந்த அரபுச் சொல்லைத்தான்.

ஆனால் வாலையிலிருந்து வெளியே வரும் மண் பழைய மண்ணாக இருக்காது. இந்த வெப்பத்தில் மட்கு கருகிவிடும், புழுவும் பூஞ்சையும் செத்துவிடும். பிள்ளை சொன்ன செங்கலுக்கு இது தூரத்துச் சொந்தம். மண்ணில் எவ்வளவு இரசம் மிச்சமிருக்கலாம் என்ற வழக்கு நீண்டதற்கும் இது ஒரு காரணம். ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது அங்கே வைத்த எல்லை. போதாது, இன்னும் இறுக்குங்கள் என்றார்கள் ஆர்வலர்கள். இறுக்கினால் சோலை மரங்களை வெட்டி இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும், சரிவு அரித்துப்போகும் என்றது நிறுவனம். இரண்டு பக்கமும் காட்டின் பேரால்தான் பேசினார்கள். என்னைக் கேட்டால், அந்த எண்ணைத் தீர்மானிக்கும் மேசையில் சோலைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்படிக்கை செய்ததே 2016 மார்ச்சில்தான், ஆலை மூடிப் பதினைந்து வருடம் கழித்து.

இரசத்தைச் சூடு அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். அழிக்கவும் முடிகிற நஞ்சுகள் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை காடுகளின் மேல் தெளித்த களைகொல்லியில் டையொக்சின் கலந்திருந்தது. அதை ஏற்றி இறக்கிய தானாங் விமானத் தளத்தின் மண்ணைக் கொங்கிரீட் சுவருக்குள் மலைபோலக் குவித்து, உள்ளே மின்சூடாக்கிகளை இறக்கி, சுமார் 335 பாகைக்குக் கொண்டுபோனார்கள். பல மாதச் சூட்டில் டையொக்சினின் பெரும்பகுதி குவியலுக்குள்ளேயே சிதைந்தது. மீதி உறிஞ்சிய ஆவியில் பிடிபட்டது. 2012 முதல் 2018 வரை நடந்த அந்த வேலையில் சுமார் 90,000 கனமீற்றர் மண் தேறியது. லேசுப்பட்ட செலவல்ல, பணம் பெரும்பாலும் அமெரிக்காவினுடையது.

இதை வாசித்துவிட்டு நம்ம தேயிலை மலைகளையும் சுட்டெடுத்துவிடலாமா என்று யாரும் யோசிக்கக் கூடாது என்பதற்காக இன்னும் ஒன்று. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய்க்குத் தோட்டங்களில் செம்பு கலந்த மருந்தைத்தான் பல காலமாக அடித்து வந்தார்கள். இலையில் பட்டது போக மீதி மண்ணுக்குத்தான். செம்பு கொதிக்க 2,500 பாகைக்கு மேல் வேண்டும், அதற்குள் மண்ணே உருகிவிடும். ஆவியாகிப் பறக்கிறதையும் சிதைகிறதையும்தான் சூடு அகற்றும். பறக்காதது மண்ணோடு ஒட்டிக்கிடந்து, மழை அரிக்கிறபோது மண்ணோடேயே மஸ்கெலி ஓயாவில் இறங்கும். அந்த ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை, கொழும்பு குடிக்கும் தண்ணீர்.