துப்பாக்கி சுடும் கிளப்புக்கு முதல் முறை போறீங்களா? லைசன்ஸ் முதல் ட்ரிகர் வரை முழு விவரம்

அழகர்கோவில் ஆடித் திருவிழாவாக இருக்கட்டும், மதுரை சித்திரைப் பொருட்காட்சியாக இருக்கட்டும், பலூன் சுடும் கடை இல்லாமல் திருவிழாவே களை கட்டாது. பலகையில் வரிசையாகக் கலர் பலூன்கள், கையில் ஒரு பழைய ஏர்கன். பத்துக் குண்டில் ஆறு பலூன் உடைத்துவிட்டால் அன்றைக்கு நம்மாளுதான் ஹீரோ. மதுரைப் பக்கம் பெரும்பாலானவர்களின் துப்பாக்கி அனுபவம் அதோடு சரி.

ஆனால் சில வருஷங்களாக வேறொரு ஆர்வமும் வளர்ந்திருக்கிறது. 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது கே.கே.நகரே ஸ்தம்பித்தது. அந்தப் போட்டியில் அவர் 4 தங்கம், 2 வெண்கலம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு, "நம்ம பொண்ணையும் சேர்க்கலாமா?" என்று கேட்கும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அப்படிப் போக நினைப்பவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

லைசன்ஸ் வேணுமா?

முதல் கேள்வியே இதுதான். உள்ளரங்க ரேஞ்சில் புதியவர் கையில் முதலில் தருவது ஏர் ரைபிள் அல்லது ஏர் பிஸ்டல். இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. ஆயுத விதிகள் 2016-ன்படி, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் .177 அளவும் கொண்ட ஏர்கன்னுக்கு லைசன்ஸ் தேவையில்லை. ஆதார் போன்ற அடையாளச் சான்று இருந்தால் போதும். உறுப்பினராகச் சேரும்போது சில கிளப்களில் போலீஸ் வெரிஃபிகேஷனும் கேட்கலாம்.

வெடிமருந்தில் இயங்கும் .22 ரைபிள் கதையே வேறு. அதைச் சொந்தமாக வைத்திருக்க லைசன்ஸ் கட்டாயம், வயதும் 21 ஆகியிருக்க வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சி எடுக்க மட்டும் சட்டம் இடம் தருகிறது. சென்னை, கோவை, திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன. கட்டணம், நேரம், எந்த வயதிலிருந்து சேர்ப்பார்கள் என்பதெல்லாம் கிளப்புக்குக் கிளப் மாறும். நேரில் கிளம்பும் முன் ஒரு போன் பண்ணிக் கேட்டுவிடுவது நல்லது.

உள்ளே போனதும் என்ன நடக்கும்?

சினிமா மாதிரி எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் அரை மணி நேரம் ஏமாற்றம்தான். சுடவே விட மாட்டார்கள். நீளமான ஒரு ஹால், தடுப்பு போட்ட லேன்கள், சரியாக 10 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஒரு சின்ன டார்கெட். பெரிய சத்தமும் இருக்காது, 'டப்' என்று ஒரு ஒலி மட்டும். டார்கெட்டுக்குப் பின்னால் குண்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பெட்டி இருக்கும்.

முதலில் சொல்லித்தருவது விதிகளை. துப்பாக்கியின் முனை எப்போதும் டார்கெட் பக்கம்தான் இருக்க வேண்டும், காலியாக இருந்தாலும் அப்படித்தான். குறி பார்த்துச் சுடத் தயாராகும் வரை விரல் ட்ரிகர் மேல் போகக் கூடாது. 'லோட்' என்று சொல்லாமல் குண்டு போடக் கூடாது. 'ஸ்டாப்' என்று குரல் கேட்டால், பாதி மூச்சில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். சுட்டு முடித்ததும் 'சேஃப்டி ஃபிளாக்' எனப்படும் பளிச்சென்ற நிறக் கயிறு ஒன்றைக் குழலுக்குள் விட்டு, உள்ளே குண்டு இல்லை என்று எல்லோருக்கும் காட்ட வேண்டும். யாராவது கோட்டைத் தாண்டி டார்கெட் பக்கம் போயிருந்தால், அவர் திரும்பி வரும் வரை யாரும் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் திட்டு வாங்குவார்கள். நண்பன் கூப்பிட்டதும் துப்பாக்கியோடு அப்படியே திரும்புவது, இடது கையில் போனை எடுத்து செல்ஃபி எடுக்கப் பார்ப்பது, இரண்டுமே அன்றைய பயிற்சிக்கு முற்றுப்புள்ளி வைக்கலாம். போன் பையிலேயே இருக்கட்டும். தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ போட்டுப் போனால் நிற்பதற்கு வசதி.

எந்தக் கண்ணால் பார்ப்பது?

வலது கைக்காரர் என்றால் வலது கண்தான் என்று அர்த்தமில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்துக் கோபுரக் கலசம் ஒன்றைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கலசம் நகராமல் அங்கேயே நிற்கிறதோ, அதுதான் உங்கள் குறி பார்க்கும் கண். சுடும்போது மற்ற கண்ணை இறுக மூடினால் முகத் தசை சீக்கிரம் சோர்ந்துவிடும். அதனால்தான் வீரர்கள் அந்தக் கண்ணுக்கு முன்னால் சின்னத் தடுப்பு வைத்துக்கொண்டு இரண்டையும் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

பிஸ்டலில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, டார்கெட்டை உற்றுப் பார்ப்பது. கண் பார்க்க வேண்டியது துப்பாக்கி முனையில் உள்ள சைட்டை. அது தெளிவாகவும் டார்கெட் கொஞ்சம் மங்கலாகவும் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள். மூச்சை முக்கால்வாசி விட்டு நிறுத்தி, சில நொடிகளுக்குள் ட்ரிகரை மெதுவாக அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குண்டு எங்கேயோ போகும். ஏர் பிஸ்டல் ட்ரிகருக்குப் போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம் அழுத்தம் இருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணி பாட்டிலின் எடைதான். ஆனால் ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு அதைச் செய்யும்போதுதான் தெரியும், கை எப்படி ஆடுகிறது என்று.

ஏர் ரைபிள் இன்னும் கொடுமை. டார்கெட்டின் நடுவில் உள்ள 10 மதிப்பெண் புள்ளியின் அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். அதன் நட்டநடுவில் பட்டால் 10.9. ஒரு போட்டிக்கு 60 ஷாட், நேரம் 75 நிமிஷம்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனின் ஆட்டம் இதுதான். (சித்திரையும் வைகாசியும் சேர்ந்த பருவம் இளவேனில், அழகர் ஆற்றில் இறங்கும் காலம். 'வாலறிவன்' திருக்குறளின் முதல் அதிகாரத்தில் வரும் சொல். ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் பலர் 'வளரி'யோடு குழப்பிக்கொள்கிறார்கள்.) உலகக் கோப்பைகளில் தங்கம் வென்ற அவர், பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 60 ஷாட்டில் 630.7 எடுத்தார். சராசரியாக ஒரு ஷாட்டுக்கு 10.5. அப்படியும் பத்தாவது இடம்தான். இறுதிச் சுற்றுக்கு முதல் 8 பேருக்கே அனுமதி. முதல் நாள் 60 ஷாட்டில் நாலைந்து தடவை 9 விழுந்தாலே சந்தோஷப்படலாம்.

ஏன் இத்தனை கெடுபிடி?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பறந்த ஒரு குண்டு, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று சிறுவன் இறந்துபோனான். அது திறந்தவெளித் தளம், பாய்ந்ததும் வெடிமருந்துத் துப்பாக்கியின் குண்டு. ஏர்கன் குண்டுக்கு அந்த வீச்சு கிடையாது. ஆனாலும் சுட்ட குண்டு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளரங்கில் அதற்குப் பதிலாகச் சுவரும் இரும்புப் பெட்டியும் இருக்கின்றன. வெளியே அவை இல்லை.

வீட்டுக்கு ஒண்ணு வாங்கலாமா?

நாலு வாரம் பயிற்சி போனதும் வரும் ஆசை இது. லைசன்ஸ் இல்லாமல் வாங்கலாம் என்பது உண்மை. அதனால் அது பொம்மை ஆகிவிடாது. 10 மீட்டரிலிருந்து ஒரு கண்ணைப் பறிக்க அந்த ஈயக் குண்டு போதும். மொட்டை மாடி, தென்னந்தோப்பு, கண்மாய்க்கரை எதுவும் ரேஞ்ச் ஆகாது.

அழகர்மலை அடிவாரத்துக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். மலை முழுக்கக் காப்புக்காடு. தோட்டத்துக்கு வரும் மயிலை விரட்ட ஏர்கன்னை எடுத்தால், "லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிதானே சார்" என்று வனத்துறையிடம் சொல்லித் தப்ப முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது மயில். வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அபராதம் தனி. காயப்படுத்துவதும், சுட முயல்வதும்கூட அந்தச் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். அருணாச்சலப் பிரதேசத்தில் பறவைகளை ஏர்கன்னே காலி செய்கிறது என்று, மக்களிடமிருந்து அவற்றைத் திரும்ப வாங்கும் இயக்கத்தையே 2021-ல் அரசு தொடங்கியது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பலூன் கடையில் சிலர் கைக்கு வசதியாகக் குண்டுகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார்கள். ரேஞ்சில் அதைச் செய்தால் கோச் பதறிவிடுவார். அது ஈயம், உடம்புக்குள் போனால் விஷம், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீக்கடைப் பக்கம் போக வேண்டும்.