டிராக்டரில் பியூஸ் அடிக்கடி போகிறதா?

கார் அறுவடை முடிந்து, பிசான நடவுக்குத் தொளி கலக்கும் ஐப்பசியில் தாமிரபரணிப் பாசனப் பகுதி டிராக்டர்களுக்கு இரவு பகல் ஓய்வு கிடையாது. பியூஸ் போய் விளக்கு அணைவதும் அப்போதுதான். மெக்கானிக் வரும்வரை காத்திருந்தால் அரைநாள் வேலை கெடும் என்று, எரிந்த பியூஸ் மேல் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகிவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தான வழக்கம். தாள் எளிதில் உருகாது. வயர்தான் முதலில் சூடேறித் தீப்பிடிக்கும். டிரெய்லரில் வைக்கோல் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கழற்றிய பியூசைத் தூக்கி எறியாமல் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குழாய் பியூசில் கம்பி மட்டும் அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால், பெரும்பாலும் சுமை கூடியதுதான் காரணம். கண்ணாடி கருத்தோ, வெள்ளி பூசியது போலவோ இருந்தால் ஷார்ட் என்று கொள்ளலாம்.

சுமைக்குக் கணக்கு எளிது. வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். இரவு உழவுக்கென்று 55 வாட் விளக்கு இரண்டு கூடுதலாக மாட்டினால் அவை மட்டுமே 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முன்விளக்குகளோடு சேர்த்து 15 ஆம்பியர் பியூஸ் தாங்குமா? அதற்காகப் பெரிய பியூஸ் போடுவது தவறு. பாட்டரியிலிருந்து தனி வயர், தனி ரிலே, தனி பியூஸ் என்று கொடுப்பதே முறை.

ஷார்ட் என்றால் முதலில் டிரெய்லர் பிளக்கைச் சந்தேகிக்க வேண்டும். சேறும் தண்ணீரும் புகுந்து உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கியதும் புதுப் பியூஸ் நின்றால் கோளாறு டிரெய்லர் பக்கம். அடுத்தது எலி. கொட்டகையில் மாதக்கணக்கில் சும்மா நின்ற வண்டியில் அது வயரைக் கடிக்காமல் விடுவதில்லை. வண்டி குலுங்கும்போது மட்டும் பியூஸ் போனால், எங்கோ தகட்டில் உரசி வயரின் தோல் உரிந்திருக்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பியூசுகளை வீணாக்க வேண்டியதில்லை. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து, பியூஸ் மாட்டும் இரு முனைகளிலும் கொடுக்கவும். அந்த லைனில் உள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு, பிறகு சுவிட்சைப் போடவும். சோதனை பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. வயரை அங்கங்கே அசைத்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. சுவிட்ச் போடும் முன்பே எரிந்தால், பியூசுக்கும் சுவிட்சுக்கும் இடையே பார்க்க வேண்டும்.

வயரில் கை வைக்குமுன் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும். உரிந்த இடத்தில் டேப் சுற்றினால் மட்டும் போதாது. தகட்டுத் துவாரத்தில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் மறுபடியும் உரசும்.

புதிய வண்டிகளில் வரும் பட்டைப் பியூசில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். பழையது என்ன நிறமோ அதே நிறத்தில் இரண்டை டூல்பாக்ஸில் போட்டு வைப்பது நல்லது.