அடிபட்ட இடத்தைப் பார்த்து விலை எழுதுங்கள்

மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில், கிரானில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எத்தனை ஹைபிரிட் கார்கள் கடந்து போகின்றன என்று பாருங்கள். பிரியஸ், அக்குவா, ஆக்சியோ, ஹொண்டா ஃபிற், வேகன் ஆர். ஜப்பானில் இரண்டு மூன்று வருடம் ஓடி இங்கே வந்து இறங்கியவை பல. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் இருந்ததையே வைத்து ஓட்டினோம். வழி திறந்த பிறகும் வரியோடு சேர்த்து வரும் விலை பலருக்கு எட்டவில்லை. அதனால் பத்து, பதினைந்து வயதுக் கார்கள் இன்னும் வேலை செய்கின்றன. அவற்றுக்குச் சாமான் வேண்டும்.

சின்னக் கராச் ஒன்று வைத்திருக்கும் என் மருமகன் போன கிழமை ஒரு படத்தோடு வந்தான். கொழும்புப் பக்கம் ஏலத்தில் கிடக்கும் அக்குவா. “மாமா, முன்பக்கம்தான் போயிருக்கு. பின்பக்கம் புதுசு மாதிரிக் கிடக்கு. எடுத்து உடைச்சு வித்தா என்ன?” என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஏலம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல விதம் உண்டு. தவணை கட்டாத காரை லீசிங் கொம்பனி பறித்து விற்கும். சுங்கமும் நீதிமன்றமும் தங்களிடம் தேங்கியதை விற்கும். திருத்துகிற செலவு காரின் பெறுமதிக்குக் கட்டாது என்று கண்டால், காப்புறுதிக் கொம்பனி உரிமையாளருக்குக் காசைக் கொடுத்துவிட்டு உடைந்த காரை விலைகோரலுக்கு விடும். சாமானுக்கு வாங்குகிறவன் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி வகையைத்தான். லீசிங்கில் பறித்த கார் ஓடுகிற கார். அதை ஓட்ட ஆசைப்படுகிறவன் உங்களைவிடக் கூட்டித்தான் கேட்பான், அவனோடு போட்டி போட்டுப் பயனில்லை.

எந்த ஏலமானாலும் நிபந்தனை ஒன்றுதான்: இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில். பிறகு போய் முறையிட முடியாது. ஆகவே டொயோட்டா ஹைபிரிட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்வேட்டர், எஞ்சின், இரண்டு மின்மோட்டோரும் உள்ளே இருக்கும் கியர்பெட்டி, மின்சாரத்தில் ஓடும் ஏசி கொம்பிரசர், பிறேக் பம்ப் எல்லாம் முன்னால். பெரிய பற்றரி பின்னால். பிரியஸில் அது பின் இருக்கைக்குப் பின்னே, டிக்கித் தளத்தின் கீழ். அக்குவாவில் பின் இருக்கைக்கு அடியில்.

முன்னால் அடிபட்ட காரை வாங்குகிறவன் பற்றரி, பின்கதவுகள், டிக்கிக் கதவு, பின்லைற், இருக்கை ஆகியவற்றை வாங்குகிறான். பின்னால் அடிபட்டதை வாங்குகிறவனுக்கு இன்வேட்டர், எஞ்சின், கியர்பெட்டி, பிறேக் பம்ப், முன்லைற் கிடைக்கும். பின்னால் இடிபட்ட பிரியஸின் பற்றரியை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். அக்குவாவில் அது கொஞ்சம் முன்தள்ளி இருப்பதால் தப்பியிருக்க இடமுண்டு, ஆனால் பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா என்று இருக்கையைத் தூக்கிப் பார்க்காமல் நம்பக்கூடாது. எயார்பேக் வெடித்திருந்தால் டாஷ்போட்டையும் முன் சீற் பெல்ட்டையும் கழித்துவிடுங்கள். விபத்தை உணர்ந்தவுடன் கார் தானே பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். ஏல முற்றத்தில் அது உயிரில்லாமல் கிடந்தால் பற்றரி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. நல்லது என்றும் அர்த்தமில்லை.

பற்றரியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஆறு நிக்கல் கலங்கள், கலத்துக்கு 1.2 வோல்ட். தொகுதிக்கு 7.2, மொத்தம் 201.6 வோல்ட். 2011 டிசம்பரில் வந்த முதல் அக்குவாவிலும் ஆக்சியோ ஹைபிரிட்டிலும் அதே மாதிரித் தொகுதிகள் 20, மொத்தம் 144 வோல்ட். 2010இல் வந்த ஹொண்டா ஃபிற் ஜிபி1 நிக்கல் வகைதான், 100.8 வோல்ட். 2013இன் ஜிபி5 லித்தியம். 48 கலங்கள், 172.8 வோல்ட். லித்தியம் பெட்டியை நமது கராச்சில் பிரித்துக் கலம் கலமாக மாற்றும் வேலைக்குப் போகாதீர்கள். முழுதாக வாங்கி முழுதாக விற்பதென்றால் சரி.

நிக்கல் தொகுதிகளைச் சோதிப்பது பெரிய வித்தையல்ல. சார்ஜ் ஏற்றி ஓய விட்ட பிறகு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு 12 வோல்ட் முன்லைற் பல்ப்பை இரண்டு நிமிடம் எரியவிட்டு மீற்றரைப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று ஒரு வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்து நின்றால் அதற்குள் ஒரு கலம் போய்விட்டது. மற்றவை ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் தொடராக இணைந்தவை. இணை மாட்டில் ஒன்று நொண்டினால் வண்டி அதன் நடைக்குத்தான் போகும். பழைய பெட்டியில் ஒரே ஒரு புதிய தொகுதியைச் சொருகிக் கொடுக்கும் கராச்சில் வாடிக்கையாளர் சில மாதத்தில் திரும்பி வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று: இரு பக்கமும் தகடு வைத்து இறுக்காமல் தொகுதியைச் சார்ஜ் பண்ணினால் அது வீங்கிவிடும்.

நம்ம பக்கத்தில் பற்றரி சாவதற்குச் சூடும் புழுதியும் ஒரு காரணம். பின் இருக்கைப் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் சிறிய வழி ஒன்று உண்டு. அதன் முன்னால் அரிசி மூட்டையை அடுக்கிக்கொண்டு வாழைச்சேனைக்கும் செங்கலடிக்கும் ஓடினால் விசிறி எதை இழுக்கும்? கடற்கரைப் பக்கம் ஓடிய கார் என்றால் தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கும். அது மட்டும்தான் குறை என்றால் அதிர்ஷ்டம். துப்புரவு பண்ணி மாட்டலாம்.

கைவைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. செம்மஞ்சள் நிறக் கம்பி எல்லாம் உயர் அழுத்தம். முதலில் சிறிய 12 வோல்ட் பற்றரியைக் கழற்றி, பிறகு பெரிய பற்றரியில் உள்ள சேவிஸ் பிளக்கை இழுத்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள், இன்வேட்டருக்குள் தேங்கியது வடியட்டும். பிளக்கை இழுக்கும்போதே 1000 வோல்ட்டுக்கான ரப்பர் கையுறை போட்டிருக்க வேண்டும். போடுமுன் அதைச் சுருட்டிக் காற்றை அடைத்து எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். பிளக்கை எடுத்ததால் பற்றரி செத்துவிடவில்லை, வரிசை இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். பிரித்த துண்டிலும் ஆளைக் கொல்லப் போதுமான வோல்ட் இருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற கார் ஏலத்துக்கு வந்தால்? மழைக்காலத்தில் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்குள் போய்ப் படகு ஓடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வெள்ளம் எதையெல்லாம் தொடும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. அக்குவாவின் பற்றரி இருக்கைக்கு அடியில். இருக்கை நனைந்த உயரமே அதற்குப் போதும். உப்புத்தண்ணீர் இன்னும் மோசம். 2012 ஒக்டோபரில் சான்டி புயல் அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்துக்குள் கடலைக் கொண்டுவந்தபோது, அங்கே நிறுத்தியிருந்த ஃபிஸ்கர் கர்மா ஹைபிரிட் கார்கள் 16 எரிந்து போயின. பெரிய லித்தியம் பற்றரியில் தீ தொடங்கவில்லை என்றது கொம்பனி. சிறிய 12 வோல்ட் மின்சாரம் போகும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றில் உப்பு ஏறிச் சோட் ஆனதாம், காற்று மற்றக் கார்களுக்குப் பரப்பியதாம். வெள்ளக் காரில் கதவு, கண்ணாடி, சில்லு, சஸ்பென்சன் வாங்கலாம். மின்சாமானுக்கு ஒரு சதமும் போடமாட்டேன்.

இனி வியாபாரம். ஹைபிரிட் என்றதும் இன்வேட்டரும் கியர்பெட்டியும்தான் காசு என்று நினைக்கிறார்கள். டொயோட்டாவின் கியர்பெட்டியில் கிளச் இல்லை, எஞ்சினோடு தனி ஸ்டாட்டரும் இல்லை. பழுதாவது அரிது, ஆகவே கேட்டு வருகிறவனும் அரிது. அது கராச் மூலையில் வருடக்கணக்கில் படுத்திருக்கும். மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பிறேக் பம்ப் அப்படியல்ல. அடிக்கடி போகும், புதிதின் விலை தலையைச் சுற்றும். ஆனால் போட்ட காசு சீக்கிரம் திரும்பி வருவது முன்லைற், பம்பர், கதவு, கண்ணாடியில்தான். ஓட்டுகிறவன் எந்தக் காலத்திலும் இடிப்பான். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாகத் தொங்குகிறவற்றைப் பார்த்தாலும் இது விளங்கும்.

ஏசி கொம்பிரசரைக் கழற்றி விற்றால் வாங்குகிறவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அதற்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் வேண்டும். சாதாரண ஏசி எண்ணெயை ஊற்றினால் மின்காப்புக் கெட்டு, கார் ஓட மறுக்கும்.

மருமகனின் படத்துக்கு வருவோம். முன்பக்கம் போயிருக்கிறது, அதனால் இன்வேட்டரைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு எயார்பேக்கும் வெடித்திருந்தன. காரின் அடியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் புகைக்குழாயில் இருக்கவேண்டிய கற்றலிற்றிக் கொன்வேற்றர் அறுத்தெடுக்கப்பட்டிருந்தது. அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் அது ஏலத்துக்கு முன்பே காணாமல் போவது வழக்கம். திறப்பு உண்டா என்று கேட்கச் சொன்னேன், இல்லையாம். ஸ்மாட் திறப்பு இல்லாமல் அந்தக் காரின் கணினிப் பெட்டிகளை இன்னொரு காரில் பொருத்தி வேலை வாங்குவது தலையிடி. அவற்றையும் வெட்டினோம். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கமும் காரில் உள்ளதும் ஒன்றா என்று நேரில் பார்க்காமல் கையெழுத்து வைக்காதே என்றேன்.

மிஞ்சியது பற்றரி, நான்கு கதவு, டிக்கி, பின்லைற், இருக்கைகள், சில்லுகள். பற்றரியைச் சோதிக்க முடியாததால் அரை விலை போட்டோம். பொலன்னறுவை வழியாகக் கிரானுக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர், லொறிக் கூலியைக் கழித்தோம். கதவு கேட்டு வரக்கூடியவர்கள் யார் என்று கேட்டேன். வாழைச்சேனையில் ஒருவர், ஏறாவூரில் இரண்டு பேர் என்றான். கடைசியில் அவன் எழுதிய தொகை, வரும்போது மனதில் வைத்திருந்ததில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. கிடைக்காவிட்டால் அடுத்த விலைகோரலுக்குப் பார்ப்பானாம்.