தீயணைக்கும் வண்டிக்கு ஊர் தெரிய வேண்டும்

தமிழ்நாட்டில் குளத்தூர் என்னும் பெயர் கொண்ட ஊர்கள் பல. தூத்துக்குடி மாவட்டத்தில் விளாத்திகுளத்தை அடுத்து ஒரு குளத்தூர் உண்டு. சென்னை மாநகரில் கொளத்தூர் உண்டு. பதற்றத்தில் பேசுவோர் வாயில் இரண்டு பெயர்களும் ஒன்றாகவே ஒலிக்கும். நமது புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூருக்கோ இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. சமஸ்தான காலத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என மூன்று தாலூகாக்கள் இருந்தன. 1948-இல் சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி ஜில்லாவுடன் இணைந்து, 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமான பின்னரும், குளத்தூர் என்ற தாலூகாப் பெயர் மாறவில்லை. ஆனால் தாலூகாவின் தலைமையிடம் கீரனூர். ஆகவே ‘குளத்தூர்’ என்றால் ஓர் ஊரையும் குறிக்கும். நார்த்தாமலை முதலிய பல ஊர்களை உள்ளடக்கிய வட்டத்தையும் குறிக்கும். கடிதப் போக்குவரத்துக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஒரு நாள் தாமதித்தாலும் கடிதம் வந்து சேர்ந்துவிடும். தறிக் கொட்டகையின் கூரையில் தீப்பற்றிய வேளையில் இந்த மயக்கம் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

தீயணைப்புத் துறையினர் இக்காலத்தில் வரைபடக் கலையின் துணையை எவ்வாறு பெறுகின்றனர் என்பதையும், அத்துணை நம் ஊர்வரை வந்து சேர நாம் செய்ய வேண்டியது யாது என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் இடத்தைக் கண்டறியும் வகையைப் பார்ப்போம். 101 என்னும் எண்ணிலோ 112 என்னும் எண்ணிலோ நாம் பேசும்போது, மறுமுனையில் இருப்பவர் நம் ஊரை ஒருமுறையும் கண்டிராதவராக இருக்கலாம். ‘பிள்ளையார் கோயிலுக்குக் கிழக்கே மூன்றாவது வீடு’ என்பது நமக்குத் தெளிவான விலாசம். அவருக்கு அது விலாசமே அன்று. ஆனால் பூமியின்மீது வரையப்பட்டதாகக் கருதப்படும் கோடுகளுக்கு இத்தகைய மயக்கம் இல்லை. நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. வடக்குத் தெற்காக ஓடும் தீர்க்கரேகைகளைப் பாவு என்றும், கிழக்கு மேற்காக ஓடும் அட்சரேகைகளை ஊடை என்றும் கொள்க. பாவின் ஓர் இழையும் ஊடையின் ஓர் இழையும் ஒன்றையொன்று கடக்கும் இடம் துணியில் ஒன்றே ஒன்றுதான். நம் குளத்தூர் வட்டாரம் 10-க்கும் 11-க்கும் இடைப்பட்ட வட அட்சத்திலும், 78-க்கும் 79-க்கும் இடைப்பட்ட கிழக்குத் தீர்க்கத்திலும் அமைந்திருக்கிறது. ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் சரியாக இருந்தால், 11 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடலாம். திறந்த வெளியில் நின்று பேசுவோரின் கைப்பேசி விண்கோள்களின் துணையால் இந்த எண்களைத் தானே கணித்துக்கொள்கிறது. செல்பேசிக் கோபுரத்தை மட்டும் கொண்டு கணித்தால், கோபுரங்கள் தொலைவாக நிற்கும் கிராமப்புறங்களில் கிலோமீட்டர்க் கணக்கில் பிழை நேரவும் கூடும்.

இடம் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது? இங்கேதான் நம் பழைய வரைபடங்கள் கைவிடுகின்றன. நில அளவைக் கலையில் நம் நாடு பின்தங்கியதன்று. இந்திய நில அளவைத் துறை 1767-இல் தோன்றியது. இந்தியாவையே முக்கோணங்களால் அளந்த பேரளவை, 1802-இல் சென்னைப் பரங்கிமலையை அடுத்துத்தான் தன் முதல் அடிக்கோட்டை அளந்து தொடங்கியது. நம் கிராமக் கணக்கிலோ ஒவ்வொரு வயலுக்கும் சர்வே எண் உண்டு, புலப்படம் உண்டு. வரப்பு ஒரு முழம் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆயினும் பழைய கிராம வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். குடியிருப்பு முழுவதும் ‘நத்தம்’ என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அதற்குள் தெரு இல்லை, வீடு இல்லை, கிணறு இல்லை. நிலவரி வயலிலிருந்து வந்தமையால் அளந்தவர் கண் வயல்மீது இருந்தது. மக்கள் உறங்கும் இடம் வெற்றிடமாக விடப்பட்டது. பின்னாளில் நத்தம் நிலங்களும் பிரித்து அளக்கப்பட்டன. அப்போதும் அளக்கப்பட்டது மனையே. அதன்மேல் நிற்பது ஓலைக் கூரையா ஓட்டுக் கூரையா என்பதை அந்தப் படமும் சொல்லாது.

தீயைக் கருதியே வரையப்பட்ட படங்கள் வேறு நாட்டில் இருந்தன. அமெரிக்காவில் 1867-இல் சான்பார்ன் என்பவர் தொடங்கிய நிறுவனம், பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள் என்று வண்ணம் தீட்டி, நீர்க்குழாய்கள் போகும் வழியையும் குறித்தனர். காப்புறுதிக் கம்பெனிகள் தவணைப் பணத்தை நிர்ணயிக்கவே அந்த உழைப்பு. வரியை நினைத்தவர் வயலை அளந்தார்; காப்புறுதியை நினைத்தவர் கூரையை அளந்தார். எந்தப் பயனை எண்ணி வரைகிறோமோ, படம் அந்தப் பயனையே தரும்.

இன்றைய முறையில் ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிப்பதில்லை. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல், சாலைக்கு ஓர் அடுக்கு, நீர்நிலைக்கு ஓர் அடுக்கு, கட்டடத்துக்கு ஓர் அடுக்கு, மின் கம்பிக்கு ஓர் அடுக்கு என்று கணிப்பொறியில் வைத்து, வேண்டியவற்றை மட்டும் சேர்த்துப் பார்க்கின்றனர். இதனைப் புவியியல் தகவல் முறை என்பர். இஸ்ரோ நிறுவனம் 2009-இல் ‘புவன்’ என்னும் படத் தொகுப்பைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. நம் மாநிலத்திலும் மின்னாளுமை முகமையின் வாயிலாக இத்தகைய தகவல் முறை அமைந்திருக்கிறது.

இதன் முதற்பயன் திட்டமிடுவதில் தோன்றுகிறது. கிராமப்புறத்தில் தீயணைக்கும் வண்டி 20 நிமிடத்துக்குள் போய்ச்சேர வேண்டும் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட ஓர் அளவு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், 20 நிமிடத்தில் 13 கிலோமீட்டர் போகலாம். காகிதத்தில் நிலையத்தை மையமாக வைத்து 13 கிலோமீட்டர் வட்டம் போடுவது எளிது. ஆனால் வண்டி காகத்தைப்போல் பறப்பதில்லை. திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் தொலைவிலிருந்தும் விரைவில் எட்டப்படும். ஏரிக்கரையைச் சுற்றி மண்பாதையில் போக வேண்டிய ஊர் அருகிலிருந்தும் எட்டப்படாது. கிலோமீட்டரை விட்டு நிமிடத்தைக் கொண்டு எல்லை வரைந்தால், அந்த எல்லை வட்டமாக இராது. நெடுஞ்சாலையின் போக்கில் நீண்டும், இடையிடையே உள்வாங்கியும் கிடக்கும். எல்லைக்கு வெளியே விழும் ஊர்கள் எவை என்று தெரிந்தால், புதிய நிலையம் எங்கே வேண்டும் என்று ஆதாரத்தோடு கேட்கலாம். வெறும் மனு எழுதுவதைக் காட்டிலும் இதற்கு வலிமை அதிகம் என்பது நம் கருத்து.

அடுத்தது தண்ணீர். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தீயணைக்கும் வண்டி ஒன்று சாதாரணமாக 4,500 லிட்டர் தண்ணீரைச் சுமந்து வரும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பாய்ச்சினால், பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு குடிசைக்கு அது போதும். அடுத்தடுத்த கூரைகளுக்கோ, உள்ளே புகைந்துகொண்டே இருக்கும் வைக்கோற் போருக்கோ போதாது. பிறகு வண்டி எங்கே தண்ணீர் எடுப்பது? ஏரியும் குளமும் ஊருணியும் மலிந்த சீமையில் இதென்ன கேள்வி என்று சிலர் நகைக்கலாம். ஆனால் தீ மிகுதியாகப் பற்றுவது சித்திரை, வைகாசியில். அப்போது அவற்றுள் எத்தனை வறண்டு கிடக்கின்றன? மழைக்காலத்தில் விண்கோள் எடுத்த படத்தில் நீலமாகத் தெரியும் ஏரி, கோடையில் ஆடு மேயும் தரையாக இருக்கும். வரைபடத்தை மட்டும் நம்பி வண்டியை அங்கே ஓட்டினால் கால் மணி நேரம் வீண்.

கிணறு இருக்கிறதே என்பர். பம்பு தண்ணீரை உறிஞ்சுவது காற்றின் அழுத்தத்தைக் கொண்டே ஆகும். ஏட்டளவில் 10 மீட்டர் ஆழம்வரை உறிஞ்சலாம். நடைமுறையில் 7 மீட்டருக்குக் கீழே நீர்மட்டம் இறங்கிவிட்டால் வண்டியின் பம்புக்கு எட்டாது. கிணறு நிறையத் தண்ணீர் தெரிந்தும் பயனற்று நிற்க நேரும். ஆழ்துளைக் கிணறு உண்டே எனின், தீப்பற்றியதும் முதலில் செய்வது மின்சாரத்தைத் துண்டிப்பது. மின்சாரம் போனால் மோட்டாரும் நின்றுவிடும். இந்த முரண்பாட்டை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியோ மின்சாரமின்றியே தண்ணீர் தரும். 30,000 லிட்டர்த் தொட்டி நிறைந்திருந்தால் வண்டியை ஆறு முறை நிரப்பலாம். ஆனால் வால்வுச் சாவி யாரிடம் இருக்கிறது, அவர் வீடு எங்கே என்பதும் அந்தப் படத்தில் இருந்தாக வேண்டும்.

வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். வண்டி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலம். தண்ணீர் நிரம்பினால் எடை பத்து டன்னைத் தாண்டும். அதனைத் தாங்காத சிறு பாலமும், தெருவை மறித்து நிற்கும் பந்தலும், தாழத் தொங்கும் மின் கம்பியும், திரும்ப இடமில்லாத முட்டுச் சந்தும் முன்கூட்டியே குறிக்கப்பட வேண்டியவை. இவை யாவும் வானிலிருந்து தெரிபவை அல்ல.

கட்டடத்தின் உள்ளமைப்பையும் தீயணைப்போர் முன்னரே அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும்போது, 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாளை நினையாதிருக்க முடியவில்லை. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் ஒன்றின் ஓலைக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். கூரை எதனால் ஆனது, படிக்கட்டு எத்தனை, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பவை தீ மூண்ட பின்னர்க் கேட்டறியத் தக்கவை அல்ல. பள்ளி, திருமண மண்டபம், நூல் கிட்டங்கி, விளைபொருள் சேமிப்புக் கிடங்கு ஆகியவற்றின் உள்வரைபடம் நிலையத்தில் முன்பே இருந்தால், வண்டி புறப்படும்போதே வீரர்கள் எந்த வழியில் நுழைவது என்று முடிவு செய்துகொள்வர். நம் கிட்டங்கிகளில் பருத்தி நூல் எங்கே, சாயப் பொருள் எங்கே, எண்ணெய் எங்கே என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டியதே.

விண்கோள்களே தீயைக் கண்டு சொல்கின்றன என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். அது உண்மை, ஆனால் அளவறிந்து நம்ப வேண்டும். இந்திய வன அளவை நிறுவனம் விண்கோள்களின் வெப்பப் பதிவுகளைக் கொண்டு காட்டுத்தீ எச்சரிக்கை அனுப்பிவருகிறது. அப்பதிவுகளில் ஒரு புள்ளி என்பது ஒரு வகையில் 1 கிலோமீட்டர் சதுரம், நுண்ணிய வகையில் 375 மீட்டர் சதுரம். விண்கோளும் நம் தலைக்குமேல் நாளில் சில முறையே கடந்து செல்லும். நம் மாவட்டத்துத் தைலமரக் காடுகளில் சருகு பற்றிப் பரவுமானால் இந்த எச்சரிக்கை பயன்படும். தறிக் கொட்டகையில் பற்றும் தீயை இது காணாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ எங்கே எரிகிறது என்று அறிவது ஒன்று. அந்தச் சரிவில் மனிதர் இருக்கின்றனரா, எவ்வழியே இறங்கலாம் என்று அறிவது மற்றொன்று.

ஆகவே நம் பக்கத்து வேலை தெளிவாகிறது. சங்கங்கள் தோறும் நத்தத்தைப் பெரிதாக்கி ஒரு தாளில் வரைந்துகொள்ளலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். நத்தம் புலப்படத்தின் நகலும், அளவு நாடாவும், கைப்பேசியும், தெருக்களை அறிந்த இரண்டு பெரியவர்களும், நடக்கச் சலிக்காத நான்கு இளைஞர்களும் போதும். ஓலைக் கூரைகளைச் சிவப்பிலும், தறி வீடுகளையும் வைக்கோற் போர் வைக்கும் களங்களையும் வேறு வண்ணத்திலும் காட்டலாம். தனியே நடக்க இயலாத முதியோர் இருக்கும் வீட்டுக்கு ஓர் அடையாளம் இடுவதும் நலம். ஆனால் அதனை அவ்வீட்டாரைக் கேட்டே இட வேண்டும், தீயணைப்போருக்குரிய நகலில் மட்டுமே இட வேண்டும். ஊர்ப் பெயரை எழுதும்போது வட்டம், மாவட்டம், அட்சம், தீர்க்கம் நான்கையும் சேர்த்து எழுதுக. ஒரு நகல் கீரனூர்த் தீயணைப்பு நிலையத்துக்கும், ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கும், ஒன்று சங்க அலுவலகச் சுவருக்கும் போகட்டும்.

கிணறுகளின் நீர்மட்டத்தை மட்டும் ஐப்பசியில் அளந்து எழுதிவிட வேண்டாம். சித்திரை பிறந்த பின் ஒருமுறை கயிறு விட்டுப் பார்த்து, அளந்த தேதியையும் பக்கத்திலேயே குறித்துவைப்பார்களாக.